இல்லம் கைமாறும் வேளை

தக்காளியும் மாங்கனியும் விளையும் பாலக்கோட்டுப் பகுதியில், வீடு என்பது தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது என்றே பெரியோர் பலரும் எண்ணி வளர்ந்தனர். இன்று ஓசூரின் தொழிற்சாலைகளும் பெங்களூரின் அலுவலகங்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டன. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் கதவு திறக்கப்படும் வீடுகள் பெருகிவிட்டன. மாடிப்படி ஏற முடியாத முழங்கால், தனியே இரவைக் கழிக்கும் அச்சம், மருத்துவச் செலவு என ஏதேனும் ஒன்று முதியோரை ஒரு முடிவுக்குத் தள்ளுகிறது. வீட்டை விற்றுவிடலாம், விரைவில் விற்றுவிடலாம்.

முடிவு எடுத்த மறுநாளே தரகரை அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் விரைவாக விற்கும் வீடு, முன்கூட்டியே ஆயத்தம் செய்யப்பட்ட வீடே. ஆறு மாத காலம் பூட்டிக் கிடந்து விலை இறங்கும் வீட்டுக்கும், வந்து பார்த்தவர் அம்மாதமே முன்பணம் தரும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் சுவரில் இல்லை. பெட்டியில் உள்ள காகிதத்திலும் குடும்பத்தாரின் மனத்திலும் இருக்கிறது.

நிலத்துக்கு உரிய தெய்வங்கள்

சொத்து தொடர்பான தடை நீங்கத் தமிழகத்தில் மக்கள் நாடும் தலங்கள் சில உண்டு. திருச்சியை அடுத்த மண்ணச்சநல்லூரில் பூமிநாதர் என்ற திருநாமத்துடனேயே சிவபெருமான் எழுந்தருளியிருக்கிறார். விற்காத மனை, வழக்கில் சிக்கிய நிலம் ஆகியவற்றிலிருந்து ஒரு பிடி மண்ணை முடிந்து எடுத்துச் சென்று அப்பெருமான் சந்நிதியில் வைத்து வழிபடுவது அங்கு வழக்கம். கர்நாடகத்தின் கல்லஹள்ளியில் பூவராக சுவாமியிடம் மண்ணும் செங்கல்லும் கொண்டு சென்று வேண்டுவோர் பலர். சொந்த வீடு வேண்டுவோர் சிறுவாபுரி முருகனைச் செவ்வாய்க்கிழமைகளில் தொழுகின்றனர். பாலக்கோட்டாருக்கு அருகிலேயே அதியமான்கோட்டைக் காலபைரவர் இருக்கிறார். தேய்பிறை அட்டமியில் அங்கு பூசணியில் விளக்கேற்றி நிற்கும் கூட்டத்தில், நிலத் தகராறு தீர வேண்டி வந்தவர்களும் இருப்பர்.

இவ்வேண்டுதல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வீடு விரைவில் விற்க வேண்டும் என்று புனித சூசையப்பரின் சிறு உருவத்தைத் தோட்டத்து மண்ணில் புதைத்து வைத்து வேண்டும் வழக்கம் கிறிஸ்தவரிடையே உண்டு. வீட்டைப் பிரியும் மனிதன் எந்நாட்டில் இருந்தாலும், மண்ணைத் தொட்டே இறைவனிடம் பேசுகிறான்.

வேண்டுதலோடு முயற்சியும் சேர வேண்டும். அம்முயற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சைவ உலகின் புகழ்பெற்ற வழக்கு ஒன்று தெளிவாகக் காட்டுகிறது.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு

புத்தூரில் சுந்தரருக்குத் திருமணம் நிகழும் வேளையில் முதியவர் ஒருவர் வந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்று கூறி ஓலையைக் காட்டினார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் சென்றது. கிழிக்கப்பட்டது படிதான், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றார் முதியவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இச்சபை நடந்துகொண்ட முறை இன்றைய நீதிமன்றத்துக்கும் பொருந்துவது. நெடுங்கால அனுபோகமா, ஆவணமா, அயலார் சாட்சியமா, மூன்றில் ஒன்றைக் காட்டுக என்று சபையோர் கேட்டனர். மூல ஓலை படிக்கப்பட்டது. கையொப்பமிட்ட சாட்சிகளின் எழுத்து சரிபார்க்கப்பட்டது. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தும் ஒன்றே என்று உறுதி செய்த பின்னரே தீர்ப்புக் கூறினர்.

வந்தவர் சிவபெருமானே ஆயினும், மூல ஆவணம் இன்றி அவரும் வழக்கில் வெல்லவில்லை. வீடு விற்க முனையும் குடும்பம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று கேள்விகளும் அந்தச் சபை கேட்டவையே.

ஆவணம்

முதலில் தாய்ப்பத்திரம். இப்போதைய உரிமையாளருக்குச் சொத்து வந்த பத்திரம் மட்டும் போதாது. அவருக்கு விற்றவருக்கு அது எப்படி வந்தது என்பதைக் காட்டும் முந்தைய பத்திரங்களும் வரிசையாக வேண்டும். பாலக்கோட்டுப் பழைய பத்திரங்களில் 'சேலம் ஜில்லா' என்றிருக்கும். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ஆம் நாள்தான். அதற்கு முன் இப்பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. வாங்க வருபவர் வெளியூர் இளைஞராயின் இது அவருக்குப் புதிராகத் தோன்றும். முன்பே விளக்கிவிடுவது நலம். பத்திரம் காணாமற்போயிருந்தால் காவல் நிலையத்தில் முறையிட்டு, கண்டறிய இயலவில்லை என்ற சான்று பெற்று, பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுக்க வேண்டும். இதற்கே மாதங்கள் ஆகலாம். வாங்குபவர் வந்த பிறகு தொடங்கினால் அவர் காத்திருக்கமாட்டார்.

அடுத்து வில்லங்கச் சான்று. என்றோ வாங்கிய வங்கிக் கடனை அடைத்திருப்பர். ஆனால் அடைமானம் ரத்தான பத்திரம் பதிவாகாமல் இருந்தால் சான்றில் அக்கடன் இன்னும் நிற்கும். பட்டா இன்னும் மறைந்த தந்தையின் பெயரில் இருந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். ஊர் நத்தத்தில் அமைந்த வீடாயின் நத்தம் பட்டாவின் அளவும் பத்திரத்தின் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பல மனைகள் கோயிலுக்கே உரியவை. அவற்றில் வாடகைக்கோ குத்தகைக்கோ வீடு கட்டிப் பல தலைமுறையாக வாழ்வோர் உண்டு. அத்தகைய மனையைத் தம்முடையது என்று விற்க எவருக்கும் உரிமை இல்லை. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி ஆணையரின் ஒப்புதலின்றிக் கோயில் நிலத்தை விற்பது செல்லாது. சிவன் சொத்து குலநாசம் என்ற முதுமொழியை அறிந்தவர்கள், தம் மனை எதைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வதே முறை.

அனுபோகம்

சொத்து வரி ரசீது, குடிநீர் இணைப்பு ரசீது, மின்கட்டண அட்டை ஆகியவை அனுபோகத்தின் சான்றுகள். பேரூராட்சிக்குச் செலுத்த வேண்டிய வரி பாக்கி இருந்தால் தீர்த்துவிட வேண்டும். வாடகைக்கு இருப்பவர் உண்டெனில் அவர் எப்போது காலி செய்வார் என்பதை எழுத்தில் பெறுவது நல்லது.

பழங்கோயில்களின் கருவறைச் சுவரிலும் திருச்சுற்றிலும் கல்வெட்டுகளைக் காண்பவர், அவற்றில் பல நில விற்பனை ஆவணங்களே என்பதை அறிவதில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நான்கு எல்லைகளையும் ஒழுங்காகச் சொல்கின்றன. மேலே வளர்ந்த மரமும் கீழே ஆழ்ந்த கிணறும் சேர்த்தே விற்கப்படுவதாகக் குறிக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய அந்தத் தெளிவு இன்றைய பத்திரத்திலும் வேண்டும். வேலி நகர்ந்திருந்தால், பக்கத்து வீட்டாரின் கழிவுநீர் நம் மனைவழியே சென்றால், பொதுக் கிணற்றில் பங்கு இருந்தால், அவற்றை நில அளவரைக் கொண்டு அளந்து தீர்த்துக்கொள்ள வேண்டும். அண்டை வீட்டாருடன் இருபது ஆண்டுகளாகப் பேசாதிருந்த பகையைத் தீர்க்கவும் இது ஒரு வாய்ப்பு. புதிதாகக் குடிவருபவருக்குப் பகையை விட்டுச் செல்வது அறமாகாது.

சாட்சி

மூன்றாவதே கடினமானது. வீட்டு விற்பனைக்குச் சாட்சி என்பது பதிவு அலுவலகத்தில் கையொப்பமிடும் இருவர் மட்டும் அல்லர். உடன்பிறந்தோர் அனைவரும் சாட்சிகளே.

தந்தை உயில் எழுதாமல் மறைந்திருந்தால், அவருடைய தனிச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாயார் ஆகியோருக்குச் சமபங்கு உண்டு. இது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் விதி. முன்னோர் வழி வந்த கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் செய்தது. அதில் 1989 மார்ச் 25க்கு முன் மணமான பெண்கள் சேரவில்லை. 2005ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் திருத்தம் வந்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், 2005இல் தந்தை உயிரோடிருந்தாரா என்பது பொருட்டன்று, மகளின் உரிமை பிறப்பாலேயே வருவது என்று தீர்ப்பளித்தது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் நகையும் சீரும் கொடுத்து அனுப்பிவிட்டோம், மகளுக்கு இனி என்ன என்று கூறும் பெரியோர் இன்றும் உண்டு. சீர் வேறு, பங்கு வேறு. திருமணமாகிப் போன மகளை, விற்பனை முடிவான பிறகு கையொப்பத்துக்கு மட்டும் அழைப்பது அவளுக்குப் பெரும் மனத்துயரம் தருவது. அவள் பிறந்த அறையும் அவள் கோலமிட்ட வாசலும் விற்கப்படுகின்றன. தொடக்கத்திலேயே மகள், மகன், மருமகள் யாவரையும் ஓரிடத்தில் அமர்த்தி, ஏன் விற்கிறோம், என்ன விலை எதிர்பார்க்கிறோம், பணத்தை என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்லிவிடுவதே நேர்மை. விற்பனை தடைபடும் வழக்குகள் பலவும் அழைக்கப்படாத ஒருவரின் மனக்குறையிலிருந்தே தொடங்குகின்றன. எவரேனும் தம் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுக்க விரும்பினால் அதை விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்ய வேண்டும், வாய்ச்சொல் போதாது.

வீட்டைத் தூய்மை செய்தல்

காகிதம் ஒழுங்கானபின் வீட்டைப் பார்க்கலாம். பெருஞ்செலவு செய்து புதுப்பிப்பது முதியோருக்குத் தேவையற்ற சுமை. தரை மாற்றுவதும் சமையலறையைப் பெயர்த்துக் கட்டுவதும் வாங்குபவர் தம் விருப்பப்படி செய்துகொள்வார். செய்ய வேண்டியவை எளியவை. பரணில் கிடக்கும் உடைந்த கட்டில், துருப்பிடித்த இரும்பு, பழைய செய்தித்தாள் கட்டுகள் வெளியேற வேண்டும். அறைகளில் காற்றும் வெளிச்சமும் புக வேண்டும். ஒட்டடை நீங்கி, சுவரில் சுண்ணாம்போ எளிய வண்ணமோ பூசப்பட வேண்டும். உடைந்த ஓடு, சொட்டும் குழாய், எரியாத விளக்கு, இறுகிய தாழ்ப்பாள் ஆகியவற்றை நூறு ஐந்நூறு ரூபாயில் சரிசெய்யலாம். பூட்டிக் கிடக்கும் வீடாயின் வாரம் ஒருமுறையேனும் எவரேனும் திறந்து பெருக்கி, வாசல் தெளித்துக் கோலமிட வேண்டும்.

அம்மியும் ஆட்டுக்கல்லும் திருகையும் வீட்டோடு போகுமா, எடுத்துச் செல்லப்படுமா என்பதை முன்பே முடிவு செய்துவிட்டால் கடைசி நாளில் மனக்கசப்பு வராது. வாசலில் மஞ்சள் துணி சுற்றி வழிபட்டு வந்த வேம்பு இருந்தால், அதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடலாம். சிலர் அதை வரமாகவே ஏற்பர்.

ஆடி, மார்கழி ஆகிய மாதங்களில் சொத்து வாங்கப் பலரும் தயங்குவர். அம்மாதங்களைத் துப்புரவுக்கும் ஆவணத் திரட்டுக்கும் பயன்படுத்திக்கொண்டால், ஆவணியிலும் தையிலும் வாங்குவோர் வரும்போது வீடு ஆயத்தமாக இருக்கும். முகூர்த்த நாள்களில் பதிவு அலுவலகங்களில் கூட்டம் மிகுதி. முதியோர் அலைச்சல் தவிர்க்கச் சற்று முன்னதாகவே நாள் குறித்துக்கொள்வது நன்று.

மறைக்கலாகாதவை

விரைவு வேண்டும் என்ற எண்ணம் சிறு பொய்யைத் துணைக்கு அழைக்கும். ஈரம் கசியும் சுவரின்மேல் வண்ணம் பூசி மறைக்கலாம். கோடையில் வற்றும் ஆழ்துளைக் கிணற்றை மழைக்காலத்தில் காட்டலாம். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் இதற்கு இடந்தரவில்லை. விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாததுமான முக்கியக் குறையை விற்பவரே வெளிப்படுத்த வேண்டும் என்பது அதன் விதி. உரிமையில் உள்ள குறைக்கும் அது பொருந்தும்.

தருமபுரி மாவட்டத்தில் இவ்விதிக்குத் தனிப் பொருள் உண்டு. இங்கு பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது குடிக்கத் தக்கதன்று. நாளடைவில் குழந்தைகளின் பற்கள் கறைபடியும், எலும்புகள் கெடும். இதன்பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013 முதல் காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வருகிறது. வீட்டுக் கிணற்று நீர் துணி துவைக்கத்தான் உதவும், குடிக்க உதவாது என்பதை அறிந்த முதியவர், சின்னஞ்சிறு குழந்தையோடு வீடு பார்க்க வரும் இளந்தம்பதியரிடம் அதைச் சொல்லாமல் இருக்கலாமா? சொன்னால் விலை சற்றுக் குறையலாம். சொல்லாமல் பெற்ற பணம் எத்தனை நாள் நிம்மதி தரும்? தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கையையும் குழாய் இணைப்பின் ரசீதையும் ஒருசேரக் காட்டுபவரிடம் வாங்குபவருக்கு நம்பிக்கை பிறக்கும். நம்பிக்கை பிறந்த இடத்தில் பேரம் விரைவில் முடியும்.

விலையும் பணமும்

வீட்டின் விலையைக் கூறும்போது முதியோர் தம் நினைவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடுகின்றனர். பேரன் தவழ்ந்த திண்ணைக்கு வாங்குபவர் விலை தரமாட்டார். அது விற்பனைக்கும் உரியதன்று, விற்பவரோடே செல்வது. அதே தெருவில் அண்மையில் விற்ற வீடுகளின் உண்மை விலையையும், அரசின் வழிகாட்டி மதிப்பையும் அறிந்து, இதற்குக் கீழ் இறங்குவதில்லை என்று கணவன் மனைவி இருவரும் ஓர் அளவை முடிவு செய்துகொள்ள வேண்டும். அவ்வளவைத் தரகர் அறிய வேண்டியதில்லை.

பணப் பரிமாற்றத்தில் சட்டத்தின் வரம்புகளை மீறலாகாது. சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகைக்கு நிகராக அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டம் இடமளிக்கிறது. வங்கி வழியாகவே பெற வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உள்ள முறை. தமிழ்நாட்டில் விற்பனைப் பதிவுக்கு 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. இவற்றை வாங்குபவர் ஏற்பது வழக்கம். அச்செலவைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதலாம் என்ற யோசனைக்கு விற்பவர் இசையக்கூடாது. வீடு விற்ற ஆதாயத்துக்கு வரி உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ விலக்குப் பெற வழியும் உண்டு. பத்திரம் எழுதும் முன்னரே ஒரு தணிக்கையாளரைக் கலந்துகொள்வது சிறந்தது.

அலைச்சலுக்கு அஞ்சிப் பொது அதிகாரப் பத்திரத்தைப் பிறரிடம் எழுதிக்கொடுப்போரும் உளர். 2011 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம், அதிகாரப் பத்திரம் மூலமான மாற்றம் விற்பனை ஆகாது, பதிவான கிரயப் பத்திரமே உரிமையை மாற்றும் என்று தெளிவாக்கியது. நடக்க இயலாத நோயாளியாயின், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி மனுச் செய்து, பதிவு அலுவலரை வீட்டுக்கே வரவழைக்கலாம். ஆகவே இயலாமையைக் காரணமாகக் காட்டி எவரேனும் வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்டால் மறுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி ஒன்று உண்டு. வீட்டை விற்ற மறுநாள் பெரியோர் எங்கே உறங்குவர்? இதற்கு உறுதியான விடை கிடைக்கும் வரை முன்பணம் வாங்கலாகாது. மகன் வீட்டில் ஓர் அறை என்றால், அந்த அறையில் ஒரு மாதம் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். விற்ற தொகை முழுவதையும் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துவிட்டு, மாத்திரைக்குக் கைநீட்டும் நிலை வரவேண்டாம். 60 வயது கடந்தோருக்கான அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை இட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி பெறலாம். பராமரிப்பதாகக் கூறிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருப்பது அதற்குத் துணை நிற்கும். பெற்றோரின் பாதுகாப்பை முதலில் உறுதி செய்துவிட்டு எஞ்சியதைப் பகிர்வதே பிள்ளைகளுக்கும் பெருமை.

பூஜையறையில் உள்ளவர்கள்

பெரியோரின் மனத்தில் இறுதிவரை நிற்கும் தயக்கம் இதுவே. ஐம்பது ஆண்டுகளாக விளக்கெரிந்த இடத்தை விட்டுச் செல்வது குற்றமாகுமோ, வீட்டுத் தெய்வம் வருந்துமோ என்று அஞ்சுகின்றனர்.

கோயில் திருப்பணியை அறிந்தவர்களுக்கு இவ்வச்சம் வேண்டுவதில்லை. கருவறையைப் புதுப்பிக்கும்போது மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றிப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்கின்றனர். குடமுழுக்கு வரை இறைவன் அச்சிறு இடத்தில் இருந்தே அருள்புரிகிறான். திருவரங்கத்து நம்பெருமாள் 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது பிள்ளை லோகாசாரியர் முதலிய அடியார்களோடு கோயிலை விட்டுப் புறப்பட்டார். காட்டிலும் மலையிலும் பல ஊர்களிலும் தங்கி, 1371இல்தான் திரும்ப எழுந்தருளினார். நாற்பத்தெட்டு ஆண்டுகள் அரங்கன் வேறிடங்களில் இருந்தான். அப்போதும் அவன் அரங்கனாகவே இருந்தான். காலம் வரும்போது இடம் பெயர்வதை இறைவனே ஏற்றிருக்கிறான்.

ஆதலால் முறையோடு பெயர்ந்தால் போதும். விற்பனைப் பதிவுக்கு முன் நல்ல நாள் ஒன்றில் குலதெய்வத்துக்கும் ஊர்த் தெய்வத்துக்கும் சொல்லிவிட்டு வரலாம். பாலக்கோட்டார் புதூர் மாரியம்மன் சந்நிதியில் நின்று சொல்லலாம். பிறகு வீட்டில் வழக்கமான பூஜையைச் செய்து, பொங்கலிட்டுப் படைத்து, முதலில் விளக்கையும் பின் படங்களையும் புதிய இருப்பிடத்துக்குக் கொண்டு செல்லலாம். துளசியை வேரோடும் மண்ணோடும் தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். சாளக்கிராமமோ பாணலிங்கமோ இருந்து, நாள்தோறும் வழிபட இனி உடல் இடம்தரவில்லையெனில், நித்திய பூஜை செய்யும் உறவினரிடமோ அன்பரிடமோ அவர் இசைவு பெற்று ஒப்படைக்க வேண்டும். கோயிலில் கொடுக்க விரும்பினால் அர்ச்சகரையும் நிர்வாகத்தையும் முன்பே கேட்க வேண்டும். சொல்லாமல் மரத்தடியில் வைத்துவிட்டு வருவது தெய்வத்தைக் கைவிடுவதாகும். நைந்த படங்களில் கண்ணாடியையும் சட்டத்தையும் நீக்கி, தாளைத் தூய நீரில் கரைத்துச் செடியடியில் சேர்க்கலாம். ஆற்றில் கண்ணாடி எறிவது புண்ணியம் அன்று. 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட விக்கிரகங்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வருவன; அவற்றைப் பழைய உலோகம் என்று எடைக்குப் போடுவது இருவகையிலும் தவறு.

வாங்குபவர் எச்சமயத்தவராயினும், எவ்வூரவராயினும், அவர் வரும் நாளில் வீடு தூய்மையாகவும் பெருக்கிய தரையோடும் நிறைகுடத் தண்ணீரோடும் இருக்கட்டும். எந்தச் சுவிட்சு எந்த விளக்குக்கு, குடிநீர் எந்த நேரத்தில் வரும், பால் கொண்டு வருபவர் யார், எந்தப் பக்கத்து வீட்டார் ஆபத்துக்கு உதவுவார் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால், புதியவர் அந்த முதியோரை நெடுநாள் நன்றியோடு நினைப்பார்.

திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வழக்கு முடிந்தபின் நடந்ததையும் சேக்கிழார் கூறுகிறார். இவ்வூரினர் என்று கூறினீரே, உம் வீடு எங்கே, காட்டும் என்று சபையோர் முதியவரைக் கேட்டனர். அவர் அனைவரையும் அழைத்துக்கொண்டு திருவருட்டுறைத் திருக்கோயிலுக்குள் சென்றார், சென்று மறைந்தார். தமக்கு வீடு எது என்பதை அடியாருக்கு இறைவன் அவ்வாறு காட்டினான். சொந்த வீட்டின் திறவுகோலைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கும் முதியோருக்கும் அந்த வீட்டின் கதவு திறந்தே இருக்கிறது. அதற்குத் தாய்ப்பத்திரமும் வேண்டியதில்லை, பட்டாவும் வேண்டியதில்லை.